வதனிக்கு முதல் ஈடு

நைனா,

உன் அப்பன் ஒருமுறை, இருபத்தாறு வயதில், முறுக்கிவிட்ட மீசையோடு, ஏரித் தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்றுகொண்டு, ஏழு வயதுப் பெண் குழந்தையின் குரலில் அழுதான். கரையில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் என் காலில் விழ அவசரப்பட்டுத் தண்ணீரில் இறங்கி, பாசியில் வழுக்கி, வேட்டி மிதக்க விழுந்தார். எதிர்வீட்டில் பால் திரிந்தால்கூட அதை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருகிற வாய் என்னுடையது. அது உனக்கே தெரியும். அந்த வாய் இந்த ஒரு விஷயத்தை மட்டும் இருபத்தெட்டு வருஷமாக மூடி வைத்திருந்தது என்றால், வெட்கக்கேடு எவ்வளவு பெரியது என்று நீயே அளந்துகொள்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பக்கம் பக்கமாக எழுதி பெங்களூருக்குக் கூரியர் பண்ணுவதற்குக் காரணம் உண்டு. என் போன் என்னுடையது என்பது பேருக்குத்தான். உன் அம்மா எடுப்பாள், கண்ணாடியைக் காணோம் என்பாள், "இஞ்ச, இதை ஒருக்கா வாசியுங்கோ" என்று என்னிடமே நீட்டுவாள். என் குற்றத்தை என் வாயாலேயே அவளுக்கு வாசித்துக் காட்டுகிற தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அன்றைக்கு உன் கல்யாணத்துக்காக ஏரிக்கரையில் பூவாடை அழைக்கிறோம். கும்பம் எடுக்கப் போகிறவன் நீ. அழைக்கப்படப் போகிறவள், கடலில் போன உன் சித்தி வதனி. அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிற உனக்குப் பூவாடை மறந்திருக்கும். குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ காலம் முந்திப் போன பெண்கள் இருப்பார்கள் அல்லவா, வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவர்களுக்கு. பம்பை உடுக்கையோடு ஏரிக்கரைக்குப் போய், புடவை வளையல் பூ எல்லாம் பரப்பி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒருவன் தண்ணீரில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டு, மூன்றாவதில் கும்பத்தில் நீர் மொண்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நீரில் அவர்கள் வருவதாக ஐதீகம். கும்பம் எடுக்கிறவன் வீடு வந்து சேருகிற வரை பேசக்கூடாது. அதற்காக அவன் வாயில் முழு எலுமிச்சம்பழத்தை வைத்து, மேலே மஞ்சள் துணியால் கட்டி, பின்கழுத்தில் இரட்டை முடிச்சுப் போடுவார்கள். சாமி வந்து பேசுவது கரையில் நிற்கிற யாராவது ஒரு பெண்மேல்தான். கும்பம் எடுத்தவனே பேசினான் என்று நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் பேசுகிற வரைக்கும்.

இப்போது உன் அம்மா கதைக்கு வருகிறேன். மேடையில் மாலை போடுகிறவர்கள் சொல்கிற கதை உனக்கு மனப்பாடம்: அகதியாக வந்தார், இடியாப்பம் அவித்தார், கம்பெனி வைத்தார், ஊருக்கு அள்ளிக் கொடுத்தார். நடுவில் நான் நிற்கிற இடம் அவர்களுக்குத் தெரியாது. பதினாலு வயதில், அவள் அப்பா கையில் ஒரு மூட்டையும் இவள் கையில் தங்கையின் கையுமாக, மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தாள். விடிகிற நேரத்தில் படகுக்காரன், "இறங்குங்கோ, இதுக்கு அங்கால படகு போகாது" என்று நடுக்கடலில் ஒரு மணல்திட்டைக் காட்டி இறக்கிவிட்டான். திட்டுக்குப் போகப் பெரியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர். ஒரு அலை வந்தது. வதனியின் கை வழுக்கியது. இவள் முங்கித் துழாவிக் காலைப் பிடித்தாள், இழுத்தாள், கையோடு வந்தது ஒரு ரப்பர் செருப்பு. அவ்வளவுதான். அந்தச் செருப்பைப் பற்றி எங்கள் கல்யாணம் முடிகிற வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நம் பக்கத்து முகாமில் அவர்களுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நான் அப்போது உத்திரமேரூரில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். வாடகைக்கு விடுவதோடு சரியா? அறிவிப்பும் நானே. எட்டு ஊர்க் குரலில் பேசுவேன், எம்.எல்.ஏ. மாதிரி இருமுவேன், பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை மூட்டி இரண்டு குரலிலும் நானே திட்டுவேன். இந்தத் தெத்துப்பல்லைத் தவிர முகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு. முகாமில் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள்.

"அண்ணை, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பீங்களோ?"

அந்த 'ளோ'வில் விழுந்தவன்தான். குறைத்தேன். மைக்செட்காரன் வாழ்க்கையில் சத்தத்தைக் குறைத்தது அதுதான் முதல் தடவை. "வேற எதுனா வேணுமா?" என்று இளித்தேன். "ஓம். என்ர தங்கச்சியைக் கூப்பிட வேணும்" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம், கூரத்தில் திருவிழா என்றாலும் காவாந்தண்டலத்தில் கூத்து என்றாலும், பாட்டு மாற்றுகிற இடைவெளியில் நான் அறிவிப்பேன்: "மன்னாரைச் சேர்ந்த வதனி. இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு. எங்கிருந்தாலும் உடனடியாக மைக்செட் அருகே வரவும். உன் அக்கா காத்திருக்கிறாள்." காணாமல் போன குழந்தைக்குச் சொல்கிற வாசகம்தான். சொல்லி முடித்ததும் கூட்டம் ஒரு நிமிஷம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஒருமுறை காவாந்தண்டலத்தில் நான் சொல்லி முடித்து மைக்கை அணைத்த பிறகு, தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாயில் ஒரு சின்னத் தும்மல் கேட்டது. குழந்தைத் தும்மல். ஒயர் லூஸ் என்று கூட்டாளியிடம் சொன்னேன். அவன் ஒயரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பீடி பற்றவைத்தான்.

எங்களுக்குக் கல்யாணம் என்று பேச்சு எழுந்து இரண்டு தடவை தேதி குறித்தோம். இரண்டு தடவையும் யாராவது, இன்ன முகாமில் அந்த வயசில் ஒரு பெண் இருக்கிறதாம் என்று சொல்வார்கள். உன் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். தேதி தள்ளிப்போகும். மூன்றாவது தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மண்டபம் முகாமிலிருந்து சேதி வந்தது. பதினைந்து வயசுப் பெண், தனியாக வந்திருக்கிறாள், புருவத்தில் தழும்பு. உன் அம்மா, "நான் போயிட்டு வாறன். கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ" என்றாள். என் அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"இன்னாடா இது? பொண்ணு வூட்ல தாம்பூலம் மாத்த ஒரு ஆளு கெடையாது. கீற ஒரு தங்கச்சியும் செத்தாளா கீறாளான்னு தெரியாம இது அலைஞ்சிக்கினு கீது. செத்திருந்தா பூவாடையில சேத்துக் கூப்புட்டுட்டுப் போவோம். அந்தக் கொயந்த குறுக்க நின்னுக்கினு இந்தக் கல்யாணத்த நடத்த வுடாது, பாத்துக்கோ."

"சும்மா இரும்மா."

"நீ சும்மா இர்ரா. மைக்கைப் புடிச்சிக்கினு ஊரு ஊரா அவ தங்கச்சிய ஏலம் போட்ட இல்ல? வந்தாளா?"

உன் அம்மா ஒரு சமாதானத்துக்கு வந்தாள். பூவாடை அழைப்புக்கு நிற்பாள். வதனி பேரை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. மறுநாள் மண்டபம் போவாள். நைனா, எனக்கும் அலுத்துவிட்டிருந்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை வளைந்து வருகிறேன். காணாமல் போன ஒரு குழந்தையின் மேல் எனக்குப் பொறாமை. என்னைப் பார்க்கும்போதுகூட உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள். எட்டு வருஷம் தேடியாயிற்று, இனி எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். தேடுவதை நிறுத்து என்று நான் சொன்னால் கேட்க மாட்டாள். வதனியே சொன்னால்?

சாயங்காலம், வெயில் தணிகிற நேரம். நம் ஊர்ப் பம்பைக்காரன் ஏகாம்பரம் தட்டிக்கொண்டே, நம் வீட்டில் போன பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டான். நான் வாய்க்கட்டோடு தண்ணீரில் நின்றேன். மூன்றாவது முழுக்கில், தண்ணீருக்குள்ளேயே, கட்டைவிரலால் துணியைத் தாடைக்கு இறக்கினேன். எலுமிச்சம்பழத்தை ஏரியில் துப்பினேன். எழுந்தேன். ஈரமுடியும் பூமாலையும் முகத்தில் ஒட்டிக்கிடந்ததில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷமாக உன் அம்மா பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்தத் தமிழ் என் நாக்கில் படிந்திருந்தது. நான் தயார் பண்ணி வைத்திருந்தது ஒரே ஒரு வரி: "அக்கா, என்னைத் தேடாத."

சொன்னேன். பம்பை நின்றது. சத்தியமாக அதோடு நிறுத்த நினைத்தேன். ஆனால் குரல் நிற்கவில்லை. "நான் இஞ்சதான் நிக்கிறன். எனக்குப் பசிக்குது. முதல் ஈடு எனக்கு வை, அக்கா. மிச்சத்தை வித்துப் பிழை. ஒத்தைச் செருப்போட நிக்கிறன், அக்கா." கைதட்டல் கிடைத்தால் கேட்காமலேயே இன்னும் இரண்டு பாட்டுப் போடுகிற மைக்செட்காரன் புத்தி என்று பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒற்றைச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது. கரையில் உன் அம்மா உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். மறுபடி ஒரு முழுக்குப் போட்டுத் துணியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, கும்பத்தைத் தலையில் ஏற்றினேன். வீடு வந்து இறக்கிவைத்ததும் மயங்கி விழுந்துவிட்டேன். எழுந்தபோது வாய்க்கட்டைப் பிரித்திருந்தார்கள். பழம் எங்கே என்று என் அம்மா ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. பிள்ளை மானத்தைக் காப்பாற்றினாள், தாய் தாய்தான் என்று அவள் சாகிற வரைக்கும் அவளுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா மண்டபத்துக்குப் போகவில்லை. கல்யாணம் நடந்தது. ஒன்பதாம் நாள் அடுப்பு மூட்டினாள். அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்து, கொதிதண்ணீர் விட்டுப் பிசைந்து, அவர்கள் ஊர் வழக்கப்படி ஓலைத் தட்டில் பிழிந்து அவித்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம் பக்கத்தில் காலையில் இட்லிதான் நாஷ்டா என்று இருந்தவர்களை ஒரே வருஷத்தில் இடியாப்பத்துக்கு மாற்றினாள். பஸ் பிள்ளைகள் சொல்லி ஃபேக்டரி கேன்டீன் ஆர்டர் வந்தது, கேன்டீனிலிருந்து மாவு மில், மில்லிலிருந்து பாக்கெட். 'வதனி இடியாப்ப மாவு'. பாக்கெட்டில் இரட்டைச் சடைப் பெண் குழந்தை. ஓவியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, புருவத் தழும்பு வரைக்கும் சொல்லிச் சொல்லி வரையவைத்தாள். அகதிக்கு லைசென்ஸ் எடுப்பது குதிரைக்கொம்பு என்பதால் காகிதம் எல்லாம் என் பேரில். நான் மேனேஜிங் டைரக்டர். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். எதற்கு என்று கேட்டால் வசவு விழும். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, முகாம் பிள்ளைகள் படிப்புக்குக் கட்டணம், ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து: 'உபயம்: செல்வி வதனி'. தேர்தல் விதியைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் என்று பெருமையடிக்கிறோம். இந்த ஊருக்கு இத்தனையும் செய்தவளுக்கு இன்றுவரை இங்கே ஓட்டு இல்லை.

அன்றன்றைக்கு முதலில் அவிந்து இறங்குகிற முதல் ஈட்டை மட்டும் அவள் யாருக்கும் விற்றதில்லை. ஐந்து இடியாப்பம், மேலே தேங்காய்ப்பால், கொஞ்சம் சர்க்கரை, பின்வாசல் படியில். நீயும் சின்ன வயதில் வைத்திருக்கிறாய். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவருவாய். "ஏன்டா ஓடியார்ற?" என்று கேட்டால், "அங்க குளுருதுப்பா" என்பாய். ஆறு மணிக்குத் தட்டை எடுப்பது என் வேலை. காலியாக இருக்கும். காக்கா தின்றால் சிந்தும்; நாய் தின்றால் தட்டு நாலடி நகர்ந்திருக்கும். இது கழுவித் துடைத்த மாதிரி வைத்த இடத்திலேயே இருக்கும். ஒருநாள் துணிந்து முருங்கை மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நல்ல வெளிச்சம். தட்டிலிருந்து ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சூடாறட்டும் என்று குழந்தை வாய்வைத்து ஊதுமே, அப்படி. நிற்கும், மறுபடி சாயும். நான் ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் ஒரு பேச்சு உண்டு: தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மத்தியானத்தில் ஒரு பெண் நிற்குமாம், குடிக்காதாம், ஒரு காலில் மட்டும் செருப்பாம். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். ஏரிக்கரையில் நூறு பேர் கேட்டதுதானே, ஊரெல்லாம் பரவியிருக்கும் என்று நானும் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. வேர் நான்தானே? நான் அடித்த கூத்திலிருந்து கிளைத்த கதைகள்தானே இவை?

பதினோரு நாளைக்கு முன்னால், பாக்கெட்டில் போட்டிருக்கிற புகார் நம்பருக்கு ஒரு போன் வந்தது. மாவில் வண்டு என்பார்கள், நான்தான் சமாளிப்பேன். வெளிநாட்டு நம்பர். பிரான்சில் ஒரு தமிழ்க் கடையில் பாக்கெட் வாங்கினாராம்.

"அண்ணை, உந்தப் பாக்கெட்டில இருக்கிற பிள்ளை ஆரு?"

"எங்க வூட்டுப் பொண்ணும்மா. எறந்துபோச்சு. அது நெனவா போட்டிருக்கோம்" என்றேன்.

அந்தப் பக்கம் பாக்கெட் சரசரத்தது.

"நான் சாகேல்லை, அண்ணை."

திரும்பிப் போன படகு ஒன்று அவளைத் தூக்கியிருக்கிறது. மன்னாரில் கன்னியாஸ்திரிகள் வளர்த்திருக்கிறார்கள். நான் நம்பவில்லை, எட்டு ஊர்க் குரலில் பேசுகிறவனுக்கு எந்தக் குரல்மேலும் நம்பிக்கை வராது. அவளாகவே சொன்னாள்: "வலது கால் செருப்பு என்னட்டதான் இருந்தது. இடது கால்தான் போயிட்டுது. வார் அறுந்து அம்மா கம்பி வச்சுக் கட்டினது." உன் அம்மா மில்லில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளே, கம்பி கட்டிய சின்னச் செருப்பு, அது இடது கால். நான் யாரென்று சொன்னேன். "அத்தான்" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல் போதாதா? அதோடு விட்டாளா? "நான் ஒருக்கா இந்தியாவுக்கு வந்தனான், அத்தான். பதினைஞ்சு வயசில. மண்டபத்தில ரெண்டு மாசம் இருந்தனான். அக்கா வருவா எண்டு ஒவ்வொரு நாளும் வாசலைப் பாத்தன். ஒருத்தரும் வரேல்லை. திரும்பிப் போயிட்டன்."

நைனா, நான் ஏரியில் நின்று அழுததும் அந்த இரண்டு மாசத்துக்குள்தான்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னா, சுகமில்லையோ?" என்று உன் அம்மா இரண்டு ஊர்த் தமிழையும் கலந்து கேட்கிறாள். கோபம் வந்தால் அவள் பேச்சு முழுசாகக் கடல் தாண்டிவிடும். இதைக் கேட்டால் எந்தக் கரையில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷம் அவள் தங்கை இல்லாமல் இருந்தாள் என்றால், அதில் இருபத்தெட்டு என் கணக்கு. நாளைக்கு நீ ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். அவளுக்கும் ஒரு துக்கம் இருக்கும். அது உனக்கு இடைஞ்சலாகப் படுகிற ஒரு நாள் வரும். அன்றைக்கு என்னைப் போல அதற்கு முடிவுகட்டப் பார்க்காதே. வாயை மூடிக்கொண்டு அவளோடு பஸ் ஏறு. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் திரும்பி வாருங்கள். வழியில் டீ குடியுங்கள். கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனால் பந்தல்காரனைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. என் வாழ்க்கையிலிருந்து உனக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

பயம் தாங்காமல் முந்தாநாள் ஏகாம்பரத்திடம் போனேன். கிழவனாகிவிட்டான், பம்பை மட்டும் அப்படியே இருக்கிறது. யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன்: "உசிரோட கீறவங்கள பூவாடைன்னு நெனச்சிக் கூப்டா இன்னா ஆவும்?"

அவன் பம்பைத் தோலைத் தடவிக்கொண்டே சொன்னான்: "அவங்க எப்டி வருவாங்க? உசிரோடதான் கீறாங்களே. ஆனா வாசலத் தொறந்து வச்சிக்கினு கூப்புட்டா எதுனா ஒண்ணு வரும் இல்ல? யாரும் கூப்புடாம, பேரில்லாம, தண்ணிக்குள்ள எத்தினி காத்துக்கினு கீதோ. எந்தப் பேரச் சொல்றியோ அந்தப் பேர மாட்டிக்கினு உள்ள வந்துரும். வந்தா மொதல்ல பசிக்குதுன்னு சொல்லும்."

"சோறு போட்டா?"

"போட்டா எங்க போவும்? அங்கியே நிக்கும்."

திரும்பி வருகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். பிறகு, நம்ப மாட்டாய், சிரித்தேன். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக என் குற்றம் எனக்கு ஆறுதலாக இருந்தது. நல்லவேளை, அன்றைக்குப் பேசியது நான். எதுவும் வரவில்லை, எதையும் யாரும் கூப்பிடவில்லை. ஒரு மைக்செட்காரன் குரல் மாற்றிப் பேசினான், அவ்வளவுதான். தட்டைக் காலி பண்ணுவது ஏதோ ஒரு சுத்தமான பூனை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. இந்தத் தடவை உன் அம்மா வதனி பேரைச் சொல்லியே கூப்பிடப் போகிறாள், உன் வாயைக் கட்டி உன்னைத் தண்ணீரில் இறக்கப் போகிறாள். அது நடக்கக்கூடாது. நீ புதன்கிழமையே வா. நான் வதனிக்குப் போன் போட்டு உன் அம்மா கையில் கொடுக்கிறேன். நீ கூட நில்லு. மாவு சல்லடை பறந்து வந்தால் என் பங்குக்கு நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் விழுந்தால் நீ பிடித்துக்கொள். அதன் பிறகு அவள் என்னை வீட்டில் வைத்துக்கொண்டாலும் சரி, மைக்செட்டையும் என்னையும் சேர்த்து வெளியே வைத்தாலும் சரி.

இவ்வளவும் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்றைக்குக் காலையில், வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வைக்கச் சொல்லி உன் அம்மா பரண் மேலிருக்கிற பூவாடைப் பெட்டியை இறக்கச் சொன்னாள். என் அம்மா பூட்டிவைத்த தகரப்பெட்டி. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் திறந்ததில்லை. புடவைக்கு அடியில் என்னுடைய வாய்க்கட்டு இருந்தது. பின்கழுத்து முடிச்சு இரண்டும் போட்டபடியே இறுகிக் கிடக்கின்றன. அவிழ்க்க முடியாமல் பக்கவாட்டில் அரிவாள்மணையால் என் அம்மா அறுத்திருக்கிறாள். துணிக்குள்ளே, நான் ஏரியில் துப்பியதாக எழுதிய அந்த எலுமிச்சம்பழம் முழுசாக இருக்கிறது. காய்ந்து, கறுத்து, கல்லாகிவிட்டது. ஆனால் பல் பதிந்த தடம் தெரிகிறது. அதில் ஒன்று தெத்துப்பல்.

அப்பா